வானவில்லுக்குக் கீழே நிற்பது யார்?

ஒரு வாக்குமூலத்தோட ஆரம்பிக்கிறேன் மக்களே.

ஹவாய்க்குப் போய்ட்டு வந்த சூட்டோட சூடா இங்கே ஒரு போட்டோ பதிவு போட்டிருந்தேன். கடல், தென்னை மரம், நான், தங்கமணி, மறுபடி கடல் என்று வழக்கமான மொக்கைதான். கடைசிப் படம் மட்டும் உருப்படி. மானோவா பள்ளத்தாக்கு முழுக்க வளைஞ்சு நின்ன வானவில். அதுக்குக் கீழே ரொம்பத் தெரிஞ்சவன் மாதிரி ஒரு வரி எழுதியிருந்தேன்: "ஹவாய் மக்கள் வானவில்லை அதிர்ஷ்டத்தின் அடையாளமாக நம்புகிறார்கள்."

அந்த ஞானம் எங்கிருந்து வந்ததுன்னு கேக்கறீங்களா? வைகிகியில் கலாகவுவா அவென்யூன்னு ஒரு பெரிய கடைத்தெரு இருக்கு. அங்கே ஒரு கடையில் ஃப்ரிட்ஜ் கதவுல ஒட்டுற காந்தம் ஒண்ணு வாங்கினேன். அதோட வந்த சீட்டில் அப்படித்தான் போட்டிருந்தது. அவ்வளவுதான் நம்ம ஆராய்ச்சி. ஹி ஹி.

பின்னூட்டத்தில் ஒரு நண்பர் வந்து, "அதிர்ஷ்டம் யாருக்குங்க? பாக்கிறவனுக்கா, அதுக்குக் கீழே நிக்கிறவனுக்கா?" என்று கேட்டு ஒரு ஸ்மைலி போட்டுட்டுப் போயிட்டார். அவர் விளையாட்டாத்தான் கேட்டிருப்பார். எனக்குத்தான் பதில் தெரியலை. அன்னைக்கு ஆரம்பிச்சு, ஆபீஸ்ல ஆணி புடுங்கி முடிச்ச ராத்திரிகளில் எல்லாம் இதையே படிச்சிட்டு இருந்தேன். படிச்ச வரைக்கும் என் முடிவு இதுதான்: நான் எழுதின வரி தப்பு. சின்னத் தப்பு இல்லை, அப்படியே தலைகீழான தப்பு.

ஹவாய் மொழியில் வானவில்லுக்கு ஆனுவேனுவே என்று பெயர். ஒரு கதையில் ஆனுவேனுவே என்பதே ஒரு பெண்ணின் பெயர். கானே, கனலோவா என்ற இரண்டு பெரிய கடவுள்களின் சகோதரி அவள். கடவுள்கள் இறங்கி வரும் பாதையும் வானவில்தான். ஆனால் பழைய கதைகளில் அது அதிகமாகச் செய்கிற வேலை வேறு. 'இங்கே ஒரு முக்கியமான ஆள் இருக்கார்' என்று காட்டிக் கொடுப்பதுதான் அந்த வேலை. இந்த மாதிரி இயற்கையில் தெரிகிற குறிகளுக்கு ஹோஐலோனா என்று ஒரு சொல் வைத்திருக்கிறார்கள். உயர்குலத் தலைவர் பிறக்கும்போது வானவில் வரும். அவர் போகிற இடத்துக்கெல்லாம் கூடவே வரும். அவர் சாகும்போதும் வரும். சாவு வீட்டுக்கு வருகிற ஒன்றை அதிர்ஷ்டச் சின்னம் என்று எப்படிச் சொல்வது?

ஆக, நண்பர் கேட்ட கேள்விக்குப் பதில்: அந்த வானவில் கீழே நிற்கிறவரைப் பத்தினது. பார்க்கிறவனுக்கு அதில் லாபம் எதுவும் கிடையாது. அவனுக்கு ஒரு வேலைதான் இருக்கு. அது யார் மேல நிக்குதுன்னு கவனிக்கணும்.

இதுக்கு ஒரு கதை சொல்றேன். ஹவாய் மொழி இலக்கியத்தில் பேர் போன கதை. லாயெயிகவாய் என்ற பெண்ணின் கதை. எஸ். என். ஹாலெயோலே என்ற ஹவாய்க்காரர் பத்திரிகையில் தொடராக எழுதி, 1863-ல் புத்தகமாக வந்தது. பிறகு மார்த்தா பெக்வித் என்ற அம்மையார் அதை ஆங்கிலத்துக்குக் கொண்டு போனார்.

ஓவாஹு தீவில் ஒரு தலைவன். முதல் குழந்தை ஆணாகத்தான் பிறக்க வேண்டும், அதுவரை பிறக்கிற பெண் குழந்தைகளை எல்லாம் கொன்றுவிட வேண்டும் என்று சொல்லிவிட்டான். சொன்னபடியே கொன்றும் விட்டான். அடுத்த பிரசவ நேரத்தில் மனைவி ஒரு பூசாரியின் யோசனைப்படி அவனை மீன் பிடித்து வரச்சொல்லி கடலுக்கு அனுப்பிவிடுகிறாள். அவன் வருவதற்குள் இரட்டைப் பெண் குழந்தைகள் பிறக்கின்றன. ஒன்றை அந்தப் பூசாரி தூக்கிக்கொண்டு போகிறார். இன்னொன்றைப் பாட்டி வாங்கிக்கொள்கிறாள். தண்ணீருக்கு அடியில் முங்கிப் போனால்தான் வாசல் தெரிகிற ஒரு குகையில் பாட்டி அந்தக் குழந்தையை ஒளித்து வைக்கிறாள். அவள்தான் லாயெயிகவாய்.

ஒளித்தாகிவிட்டது. ஆனால் குகைக்கு மேல் வானவில் வந்து நின்றுவிட்டது!

அதைப் பார்த்தது அக்கம்பக்கத்து ஆள் இல்லை. கடல் தாண்டி கவாய் தீவில் இருந்த ஒரு குறி பார்ப்பவர். அவரும் ஒருநாள் கண்டதை நம்பிக் கிளம்பவில்லை. பல நாள் தொடர்ந்து கவனித்து, உறுதியான பிறகுதான் தோணி ஏறுகிறார். அவர் தேடி வர வர, பாட்டி பேத்தியைத் தீவு தீவாகத் தூக்கிக்கொண்டு ஓடுகிறாள். போகிற இடத்தில் எல்லாம் வானவில்லும் போய் நிற்கிறது. கடைசியில் பெரிய தீவில், காட்டுக்குள் பறவை இறகுகளால் வேய்ந்த ஒரு வீட்டில் குடிவைக்கிறாள். அங்கேயும் வந்துவிடுகிறது.

இதைப் படிக்கும்போது எனக்கு வயிற்றைப் பிசைந்தது. அந்த வானவில் அவளுக்குப் பாதுகாப்பா, ஆபத்தா? ஒளிந்திருக்கிற குழந்தைக்கு அதைவிட மோசமான துரோகி கிடையாது. 'இவள் இங்கே இருக்கிறாள்' என்று ஊருக்கே தண்டோரா போடுகிறது. ஆனால் இன்னொரு பக்கம் பாருங்க. பெத்த அப்பனே 'வேண்டாம்' என்று கணக்கிலிருந்து நீக்கிவிட்ட ஒரு பெண் குழந்தையை, 'இல்லை, இவள் கணக்கில் உண்டு' என்று சொன்னதும் அதுதான். வேறு யாரும் சொல்லவில்லை.

இங்கே ஒரு சின்ன கொசுவத்தி சுத்திக்கிறேன். எங்க அப்பாவோட கடைசித் தங்கச்சி பேரு போதும்பொண்ணு. கிண்டலுக்குச் சொல்லலை, ரேஷன் கார்டுல இருக்கிற பேரே அதுதான். அந்த வீட்டில் அஞ்சாவது பொண்ணு. தேனிப் பக்கம் இந்தப் பேரைக் கேட்டால் யாரும் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டாங்க. நானும் இருபத்தஞ்சு வருஷமா "போதும் அத்தை, போதும் அத்தை" என்று கூப்பிட்டவன்தான். அந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம் என்று ஒருநாளும் நின்று யோசித்ததில்லை. பசிபிக் கடலுக்கு நடுவில் இருக்கிற ஒரு தீவோட கதையைப் படிக்கும்போதுதான் சுருக்குன்னு உறைச்சது.

சரி, சொந்தக் கதை போதும். (பாருங்க, அந்த வார்த்தையே தானா வந்து விழுது.)

இரண்டாவது கதை, நான் போட்டோ எடுத்த அதே மானோவா பள்ளத்தாக்கில் நடப்பது. கஹலாவோபூனா என்று ஒரு பெண். அவளோட அப்பா அந்தப் பள்ளத்தாக்கின் காற்று. அம்மா அந்தப் பள்ளத்தாக்கின் மழை. மானோவாவில் பெய்கிற மழைக்கு அவளுடைய அம்மா பெயரை ஒட்டி இன்றைக்கும் தனிப்பெயர் உண்டு. காற்றுக்கும் மழைக்கும் பிறந்தவள் மேல் வானவில் நிற்கிறது. நியாயம்தானே?

அவளுக்கு கைலுவாவைச் சேர்ந்த கவுஹி என்பவனை நிச்சயம் பண்ணியிருக்கிறார்கள். இரண்டு பொறுக்கிகள் 'அவள் எங்களோடு பழகினாள்' என்று ஊரெல்லாம் புளுகிக்கொண்டு திரிகிறார்கள். கவுஹி விசாரிக்கவே இல்லை. அவளைக் கூட்டிக்கொண்டு காட்டுக்குள் போய், தாழம்பழக் குலையால் அடித்தே கொல்கிறான். அங்கே ஹலா என்பார்கள், நம்ம ஊர்த் தாழைக்குச் சொந்தக்கார மரம். அவள் பேரிலேயே அந்த மரம் இருக்கிறது. ஒரு ஆந்தை வந்து மண்ணைக் கிளறி அவளை உயிர்ப்பிக்கிறது. அவன் திரும்பவும் கொல்கிறான். ஆந்தை திரும்பவும் எழுப்புகிறது. இப்படியே பலமுறை. கடைசியில் வேர்களுக்கு அடியில் புதைத்துவிட, ஆந்தையால் முடியாமல் போய் இன்னொரு இளைஞன் வந்து காப்பாற்றுகிறான். மானோவாவில் தெரிகிற வானவில் அவள்தான் என்று இன்றைக்கும் சொல்வார்கள்.

இந்தக் கதை 1888-ல் வெளிவந்த ஒரு தொகுப்பில் இருக்கிறது. தொகுப்பை வெளியிட்டவர் யார் தெரியுமா? ஹவாயின் அரசர் கலாகவுவா. நான் காந்தம் வாங்கின தெருவுக்கு அவர் பெயர்தான் வைத்திருக்கிறார்கள். ராஜா எழுதி வைத்துவிட்டுப் போன கதை, ராஜா பெயரில் இருக்கிற தெருவில் 'குட் லக்' ஆகி விற்பனைக்குத் தொங்குகிறது. வாங்கினவன் நான்தான். அவ்வ்வ்வ்.

இனி கொஞ்சம் இன்ஜினியரிங். (நாலு வருஷம் படிச்சதுக்கு எங்கேயாவது யூஸ் ஆகணும்ல.)

முதலில் ஒண்ணு சொல்லிடறேன். 'அந்தக் காலத்திலேயே நம் முன்னோர்களுக்கு எல்லா விஞ்ஞானமும் தெரியும்' கோஷ்டியில் நான் இல்லை. ஹவாய்க்காரர்களுக்கும் அந்தப் பட்டத்தைக் கொடுக்க வரவில்லை. ஆனால் மழையையும் காற்றையும் அப்பா அம்மா ஆக்கினவர்கள், தினமும் கண்ணால் பார்த்ததைத்தான் சொன்னார்கள். ஹவாய்ப் பல்கலைக்கழகத்தில் வளிமண்டல விஞ்ஞானியாக இருந்த ஸ்டீவன் பிசிங்கர் 2021-ல் ஒரு கட்டுரை எழுதினார். வானவில் பார்க்க உலகத்திலேயே சிறந்த இடம் ஹவாய்தான் என்பது அவர் வாதம். காரணங்களையும் அடுக்குகிறார். வடகிழக்கிலிருந்து விடாமல் வீசுகிற காற்று, அதைத் தடுத்து மேலே தூக்குகிற மலைகள், அதனால் விட்டுவிட்டுப் பெய்கிற சின்னச் சின்ன மழை, நடுநடுவே பளிச்சென்று வெயில், தூசு இல்லாத காற்று. மானோவாவில் சாயங்காலம் சூரியன் மேற்கே இறங்கும்போது, பள்ளத்தாக்கின் பின்பக்க மலையில் மழை தூறிக்கொண்டிருக்கும். வெயில் முதுகில், மழை முகத்துக்கு எதிரே. வானவில்லுக்கு வேறென்ன வேணும்?

இப்ப முக்கியமான விஷயம். வானவில் என்பது வானத்தில் ஓர் இடத்தில் மாட்டி வைத்த பொருள் இல்லை. சூரியன் உங்க முதுகுக்குப் பின்னாடி இருக்கணும். உங்க தலையோட நிழல் விழுகிற திசைதான் அந்த வட்டத்தோட மையம். அதைச் சுத்தி ஏறத்தாழ 42 டிகிரி கோணத்தில் இருக்கிற மழைத்துளிகள் உங்க கண்ணுக்கு நிறத்தை அனுப்பும். நீங்க நடந்தா மையமும் நடக்கும், வானவில்லும் நடக்கும். பக்கத்தில் நிற்கிற தங்கமணி பார்க்கிறது வேறு துளிகளிலிருந்து வருகிற வேறு வானவில்.

இதிலிருந்து ஒரு விஷயம் வருது. மழையில் தெரிகிற வானவில்லுக்குக் கீழே போய் நின்று, 'இதோ என் மேல நிக்குது' என்று எவனாலும் பார்த்துக்கொள்ள முடியாது. கிட்டே போகப் போக அது தள்ளிப் போகும். ஆனால் உங்களுக்குப் பின்னாடி, சூரியன் இருக்கிற பக்கம் ஒரு மைல் தள்ளி ஒருத்தர் நிற்கிறார் என்று வையுங்கள். அவர் கண்ணுக்கு நீங்க அந்த வளைவுக்கு நேர் கீழே நிற்கலாம். உங்க தலைக்கு மேல வானவில் இருக்குன்னு இன்னொருத்தர்தான் பார்த்துச் சொல்ல முடியும்.

லாயெயிகவாய் குகைக்குள் உட்கார்ந்திருந்தாள். அவளுக்குத் தெரியாது. கடல் தாண்டி இருந்தவருக்குத் தெரிந்தது. எனக்கு இந்த இடம் ரொம்பப் பிடிச்சிருக்கு. 'வானவில் பார்த்தா எனக்கு நல்லது நடக்கும்' என்று சொல்லும்போது எல்லாம் என்னைச் சுத்தியே ஓடுது. பழைய வாசிப்பில் எதிரே இருக்கிற ஆளைப் பார்த்தாக வேண்டியிருக்கு.

எதிர்க்கேள்வி வரும், தெரியும். "தம்பி, இது தலைவர்கள் தங்களைத் தாங்களே உசத்திக்கக் கட்டின கதைதானே?" நியாயமான கேள்வி. பழைய ஹவாயில் கபு என்ற விலக்கு முறை இருந்தது. ஆக உயர்ந்த தலைவர்கள் எதிரே வந்தால் மற்றவர்கள் தரையில் குப்புற விழ வேண்டும். 1819-ல்தான் அந்த முறையை ஒழித்தார்கள். தலைவர் வீட்டுக் குழந்தைக்கு மட்டும் வானவில் வரும், மீனவன் வீட்டுக் குழந்தைக்கு வராது என்றால், அது சாதிப் பெருமைக்கு வானத்தைச் சாட்சிக்குக் கூப்பிடுகிற வேலைதான். அதை நான் மழுப்பப் போவதில்லை. லாயெயிகவாயும் தலைவன் மகள்தான்.

ஆனா ஒண்ணு கவனிங்க. இந்த இரண்டு கதையிலும் வானவில், அதிகாரத்தில் உட்கார்ந்திருப்பவன் பக்கம் நிற்கவில்லை. குழந்தையைக் கொன்ற அப்பன் மேல் நிற்கவில்லை. அந்த அப்பனும் தலைவன்தான். நிச்சயம் பண்ணினவளைக் கொன்ற கவுஹி மேலும் நிற்கவில்லை. அவர்கள் ஒழிக்கப் பார்த்த பெண்கள் மேல்தான் நின்றது. கதை சொன்னவர்கள் அதை அப்படித்தான் சொல்லி வைத்திருக்கிறார்கள்.

இன்னொரு கஷ்டமும் இருக்கு. இப்படி வாசிக்க வேண்டுமானால் வாசிக்கச் சொற்கள் வேண்டும். ஹவாய் மொழியில் ஆனுவேனுவே மட்டும் இல்லை. தரையை ஒட்டித் தாழ்வாகக் கிடக்கிற வானவில் உவாகோகோ. தெரிந்தும் தெரியாமலும் வெளிறி இருப்பது புனாகேயா. தூண் மாதிரி நேரே நிற்கிற துண்டு காஹிலி. தலைவர்கள் முன்னால் பிடித்துப் போகிற இறகுக் கம்பத்துக்கும் அதே பெயர். நிலா வெளிச்சத்தில் ராத்திரி வருவது ஆனுவேனுவே காவு போ. மழைக்கு மட்டும் 200-க்கும் மேற்பட்ட பெயர்களைத் திரட்டி 2015-ல் தனிப் புத்தகமே போட்டிருக்கிறார்கள். நம்மிடம் வானவில், இந்திரவில் என்று இருக்கிறது. ஆனால் வெளிறினதற்கும் ராத்திரி வருவதற்கும் நான் பேச்சில் தனிச்சொல் கேட்டதில்லை.

இந்தச் சொற்கள் சும்மா மறக்கப்பட்டவை அல்ல. 1893-ல் ஹவாய் அரசியைப் பதவியிலிருந்து இறக்கினார்கள். 1896-ல் பள்ளிகளில் ஆங்கிலம்தான் பயிற்றுமொழி என்று சட்டம் வந்தது. 1898-ல் அமெரிக்கா தீவுகளை இணைத்துக்கொண்டது. இரண்டு மூன்று தலைமுறை, வீட்டு மொழியைப் பள்ளி வாசலில் கழற்றி வைத்துவிட்டுத்தான் உள்ளே போனது. 1978-ல்தான் மாநில அரசியல் சட்டத்தில் ஹவாய் மொழி மறுபடி ஆட்சிமொழி ஆனது. 1984-ல் அந்த மொழியிலேயே நடக்கிற மழலையர் பள்ளிகள் தொடங்கின. இன்றைக்கு ஹொனலூலுவில் முழுக்க ஹவாய் மொழியில் பாடம் நடத்துகிற ஓர் அரசுப் பள்ளி இருக்கிறது. அதன் பெயரே ஆனுவேனுவேதான்.

இந்த இடத்தில் விளையாட்டுச் செய்தி ஒண்ணு. 1923 சீசனின் கடைசி ஆட்டத்தில் ஹவாய்ப் பல்கலைக்கழகக் கால்பந்து அணி (அமெரிக்கக் கால்பந்து மக்களே, நம்ம ஃபுட்பால் இல்லை) ஓரிகனிலிருந்து வந்த பெரிய அணியை 7-0 என்று கவிழ்த்தது. அப்போது மைதானத்துக்கு மேலே வானவில் வந்ததாம். அன்றிலிருந்து பத்திரிகைக்காரர்கள் அந்த அணியை 'ரெயின்போஸ்' என்றே எழுத ஆரம்பித்துவிட்டார்கள். கீழே இருக்கிறவர்களை வானவில் அடையாளம் காட்டுகிற பழைய வழக்கம், மைதானத்துக்கு வந்தும் மாறவில்லை! 2000-ல் நிர்வாகம் அந்தப் பெயரையும் சின்னத்தையும் கால்பந்து அணியிலிருந்து தூக்கியது. ஓரினச் சேர்க்கையாளர் கொடியோடு குழப்பிக்கொள்கிறார்கள் என்பது அப்போது வெளிப்படையாகவே சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று. 1978-ல் சான் பிரான்சிஸ்கோவில் பிறந்த அந்தக் கொடியும், 'நாங்களும் இங்கே இருக்கிறோம், எங்களை ஒளிக்காதீர்கள்' என்று சொல்லத்தானே பறந்தது? எதுக்குப் பயந்தாங்கன்னு எனக்குப் புரியலை. 2013-ல் 'ரெயின்போ வாரியர்ஸ்' என்ற பெயர் திரும்பி வந்துவிட்டது. நல்ல வேளை.

ஹவாய் போகாதீங்க, காந்தம் வாங்காதீங்க என்றெல்லாம் நான் சொல்ல வரலை. அந்த ஊர்க் கார் நம்பர் பிளேட்டிலேயே 1991-லிருந்து வானவில் இருக்கு. வாடகைக்கு எடுத்த காரிலும் இருந்தது, அதையும் போட்டோ பிடிச்சவன்தான் நான். ஆனால் ஒரு மக்கள் கூட்டம் 'யார் அங்கே இருக்கிறார்கள் என்று பார்' என்று சொன்னதை, 'உனக்கு லாட்டரி அடிக்கும்' என்று மாற்றி எழுதும்போது அந்த மக்களையே படத்திலிருந்து வெட்டிவிடுகிறோம். நான் அதைத்தான் பண்ணினேன். பழைய பதிவில் அந்த வரியை அடிச்சு, கீழே திருத்தம் போட்டாச்சு.

போன ஞாயித்துக்கிழமை ஊருக்குப் போன் பண்ணினப்ப அத்தைகிட்ட இந்த லாயெயிகவாய் கதையைச் சொன்னேன். பேரு வாயில நுழையலை, அதனால 'அந்தப் பொண்ணு'ன்னே சொன்னேன். அப்பன்காரன் சபதம் பண்ணினது, பாட்டி குகையில ஒளிச்சது, வானவில் வந்து நின்னது எல்லாம். 'உம்' கூடக் கொட்டாம கேட்டுட்டு இருந்தாங்க. முடிச்சதும் ஒரே ஒரு கேள்வி.

"அந்தப் புள்ள பொழைச்சுதா மருமகனே?"

"பொழைச்சுது அத்தை. கடைசியில அந்த ஊர் சனமே அவளைத் தெய்வமாக் கும்பிட்டுச்சு."

"கும்பிடுறது கெடக்கட்டும். பொழைச்சுதுல்ல, அதுவே பெருசு" என்று சொல்லிட்டு, தங்கமணி எப்படி இருக்கா, சாப்பாடு எல்லாம் எப்படி என்று விசாரிக்க ஆரம்பிச்சுட்டாங்க.

டிஸ்கி: பின்னூட்டத்தில் கேள்வி கேட்ட நண்பருக்கு நன்றி. பதில் சொல்ல லேட் ஆனதுக்கு நம்ம டேமேஜர்தான் காரணம். காந்தம் இன்னும் ஃப்ரிட்ஜ் மேலதான் ஒட்டியிருக்கு, சீட்டை மட்டும் தூக்கிப் போட்டாச்சு :-)